தனியே 27, குழுவில் 33: அந்த ஆறு கிலோமீட்டர் யாருடையது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டினால் என் சராசரி வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கொண்ட குழுவோடு அதே சாலையில் போனால் 33 வருகிறது. மூச்சுகூட வாங்குவதில்லை. இது காற்று மறைவால் வருகிற வேகமா, ஆட்களோடு போகிற உற்சாகமா? என் வேகம் என்று எதை நான் கணக்கில் வைத்துக்கொள்வது?"

காற்று மறைவுதான், அதாவது முன்னால் ஓட்டுபவர் காற்றைத் தடுப்பதால் பின்னவருக்குக் கிடைக்கும் மறைவு. உற்சாகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றாலும் அது சிறியது. நீங்கள் சொல்லும் 27, 33 என்ற இரண்டு எண்களும் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. ஆகவே உங்கள் எண்களை வைத்தே விளக்குகிறேன்.

சமதளச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் செலவிடும் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றும், பிரேக் பிடிகளின் மேல் கை வைத்து நடுத்தரமாகக் குனிந்து ஓட்டுகிறீர்கள் என்றும், காற்று வீசாத காலை என்றும் வைத்துக்கொள்வோம். 27 கிலோமீட்டர் வேகத்துக்கு உங்கள் கால்கள் தர வேண்டியது ஏறத்தாழ 120 வாட். அதில் 85 வாட் காற்றுக்கு. மீதி டயர் தரையில் உருள்வதற்கு. இதே ஆள் தனியாக 33 போக வேண்டுமானால் எவ்வளவு தேவை? சுமார் 200 வாட். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான்; உழைப்போ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதை எதிர்த்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் ஏறுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். சாலையில் அதன் பொருள் இதுதான்: வேகம் கூடக் கூட, அடுத்த ஒரு கிலோமீட்டரின் விலை ஏறிக்கொண்டே போகும். 20இலிருந்து 21க்குப் போவது எளிது. 35இலிருந்து 36க்குப் போக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைத்த ஆறு கிலோமீட்டர் எவ்வளவு பெரிய கொடை என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

வேகமாகப் போகும் பஸ் ஒன்று கடந்து போனதும் சாலையோரத்துச் சருகும் காகிதமும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் இழுபட்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். சைக்கிளுக்குப் பின்னாலும் அதே கதை சிறிய அளவில் நடக்கிறது. நிமிர்ந்த மனித உடல் காற்றைக் கிழிக்க ஏற்ற வடிவம் கிடையாது. நெஞ்சில் மோதும் காற்று இரண்டு பக்கமும் பிரிந்து முதுகுக்குப் பின்னால் உடனே ஒன்று சேர முடியாமல் சுழல்கிறது. அந்தச் சுழலில் அழுத்தம் குறைவு. முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இந்த வேறுபாடுதான் ஓட்டுபவரைப் பின்னுக்கு இழுக்கிறது. இன்னொருவர் அந்தக் குறைந்த அழுத்தப் பகுதிக்குள் வந்து நின்றால், அவர் நெஞ்சில் மோதும் காற்று ஏற்கெனவே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் காற்றாக இருக்கும். அவருக்குச் சுமை குறைகிறது. முன்னால் இருப்பவருக்கும் ஒரு சிறு உதவி கிடைக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடம் ஓரளவு நிரம்புவதால், இரண்டு மூன்று சதவீதம் அவருடைய இழுப்பும் குறையும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் முன்னவருக்குப் பாரம் என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு இருக்கிறது. அது தவறு. பின்தொடர்பவரால் முன்னவருக்கு ஒரு வாட்கூட நட்டமில்லை.

எவ்வளவு குறைகிறது? 1990இல் வெளியான ஓர் ஆய்வில் சாலையில் ஓட்டியவர்களின் ஆக்சிஜன் செலவையே அளந்தார்கள். 32 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் பின்னால் போனால் 18 சதவீதம் மிச்சம். 40 கிலோமீட்டரில் 27 சதவீதம். ஒற்றை வரிசையில் முன்னால் ஒருவர் இருந்தாலும், இருவர் இருந்தாலும், நால்வர் இருந்தாலும் மிச்சம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எட்டுப் பேர் கொத்தாகப் போகும்போது அவர்களுக்குப் பின்னால் போனால் அது 39 சதவீதமாக ஏறியது. ஆகவே வரிசையின் நீளத்தைவிட, உங்களைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்களா என்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது.

இதை உங்கள் 120 வாட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தனியே 27 போகும் அதே உழைப்போடு ஒரே ஒரு நண்பரின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போனால், காற்றுச் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, வேகம் 30இலிருந்து 30.5 வரை வரும். நான்கு பேர் முறை வைத்து, எல்லோரும் சமமாக முன்னால் வந்து இழுத்தால், ஒவ்வொருவரும் சராசரியாக 120 வாட் தந்து ஏறத்தாழ 30 போகலாம். இருபது பேர் இரட்டை வரிசையில் போக, நீங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருமுறைகூட முன்னால் வராவிட்டால், காற்றுச் சுமை பாதியாகி, அதே 120 வாட்டில் 33 வரும்.

உங்கள் எண் சரியாக அங்கே வந்து நிற்கிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தயங்காமல் சொல்கிறேன். அந்த ஆறு கிலோமீட்டரில் மூன்று, முறை வைத்து ஓட்டும் எந்தக் குழுவிலும் உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது. மற்ற மூன்று, அன்று முன்வரிசையில் 200 வாட் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேருடையது.

இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. குழுவோட்டத்தைப் பற்றிய பேச்சில் இந்த ஒரு விஷயம்தான் மீண்டும் மீண்டும் விடுபட்டுப் போகிறது. "குழுவில் போனால் 30 சதவீதம் மிச்சம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு மிச்சம் என்பது வரிசையில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முன்னிடத்தில் அது ஏறக்குறைய இல்லை. நடுவிடத்தில் மிக அதிகம். குழுவின் வேகம் என்று ஒன்று இருக்குமானால், அது முன்னால் இருப்பவர் தாங்கக்கூடிய வேகம்.

இதைத் துல்லியமாகப் பார்க்க சைக்கிளுக்கென்றே உள்ளரங்கில் அமைத்த வட்ட ஓடுதளத்தைப் போல நல்ல இடம் இல்லை. மலை கிடையாது, போக்குவரத்து கிடையாது, கூரைக்குக் கீழே வெளிக்காற்றும் கிடையாது. அங்கே 4 கிலோமீட்டர் துரத்தல் போட்டி இரண்டு வகையில் நடக்கிறது: தனி ஆளாக ஒன்று, நால்வர் அணியாக ஒன்று. இத்தாலியின் பிலிப்போ கன்னா இரண்டிலும் ஓட்டியவர். 2022 அக்டோபரில் தனி ஆளாக 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 59.636 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில், இத்தாலிய அணியில் ஒருவராக அதே 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 42.032 வினாடியில் முடித்தார். சராசரி ஏறத்தாழ 64.9. இரண்டுமே நின்ற நிலையிலிருந்து தொடங்கும் ஓட்டங்கள். தனி ஆளாக உலகமே கண்டிராத வேகத்தில் ஓட்டிய அதே மனிதர், தன்னைவிடச் சற்று மெதுவான மூவரோடு சேர்ந்தபோது 17 வினாடிக்கு மேல் முன்னதாக வந்தார். பலம் கூடியதால் வந்த வேகம் அல்ல அது. நான்கு பேர் ஒரே காற்றை மாறி மாறி உடைத்ததால் வந்தது.

அணித் துரத்தலில் யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதை 1990களில் அமெரிக்க அணி வீரர்களின் சைக்கிள்களில் பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் கருவி) பொருத்தி அளந்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் முன்னால் இருப்பவர் 607 வாட் தர வேண்டியிருந்தது. இரண்டாமவர் அதில் 71 சதவீதம். மூன்றாமவரும் நான்காமவரும் 64 சதவீதம். 607 வாட்டை நான்கு நிமிடம் தொடர்ந்து தரக்கூடியவர் உலகத்தில் மிகச் சிலர். ஆனால் கால் நிமிடம் 607, பிறகு முக்கால் நிமிடம் 400 அளவில் என்று மாறி மாறித் தருவது, நன்றாகப் பயிற்சி பெற்ற வீரருக்கு முடியக்கூடிய காரியம். அணியின் ரகசியம் அந்த மாற்றத்தில் இருக்கிறது. ஒருவர் ஓடுதளத்தின் சாய்வான வளைவில் மேலேறி விலகி, மற்ற மூவரும் கீழே கடந்து போக, கடைசிச் சக்கரத்தின் பின்னால் துளியும் இடைவெளி இல்லாமல் இறங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே அரை மீட்டர் விட்டால், அதைப் பிடிக்கச் செலவிடும் மூச்சு அடுத்த முறை முன்னால் வரும்போது இருக்காது.

பெரிய கூட்டத்தில் இது இன்னும் வியப்பான அளவுக்குப் போகிறது. பெர்ட் ப்ளாக்கன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 121 பேர் நெருக்கமாக ஓட்டும் கூட்டத்தைக் கணினியில் உருவாக்கியும், காற்றுச் சுரங்கத்தில் சிறிய உருவங்களை நிறுத்தியும் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவயிற்றில், பின்பாதியில் இருப்பவர்மேல் படும் காற்றின் எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதற்கு முன் 50 முதல் 70 சதவீதம் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். கூட்டம் 54 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது நடுவில் இருப்பவருக்குக் காற்றின் சுமை, தனியாக 12 முதல் 15 கிலோமீட்டரில் போவதற்குச் சமம். காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும் வேகம் அது. நிஜச் சாலையில் கூட்டம் ஆய்வுக்கூடத்து உருவங்களைப் போல அசையாமல் வரிசையில் நிற்காது. பிரேக், வளைவு, மீண்டும் விரட்டல் என்று அலைந்துகொண்டே இருக்கும். அதனால் இந்த முழுப் பயனும் எப்போதும் கிடைக்காது. இருந்தாலும் டூர் தி பிரான்ஸ் போன்ற மூன்று வார ஓட்டத்தில் நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு மறுநாளும் எழுந்து ஓட்ட மனிதனால் எப்படி முடிகிறது என்பதற்குப் பெரிய விடை இதில் இருக்கிறது.

முன்னே தப்பிச் செல்லும் ஒருவரைக் கூட்டம் பிடிப்பதைப் பற்றி ராபர்ட் ஷாப்பட் என்ற பிரெஞ்சு வர்ணனையாளரின் பெயரில் ஒரு பழைய விதி உண்டு: முனைந்து துரத்தும் கூட்டம், தப்பியவரிடமிருந்து 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தை மீட்டுவிடும். தப்பியவர் 45 கிலோமீட்டரில் போகிறார் என்றால் 10 கிலோமீட்டருக்கு அவருக்கு 13 நிமிடம் 20 வினாடி ஆகும். கூட்டம் அதை 12 நிமிடம் 20 வினாடியில் கடக்க வேண்டும், அதாவது 48.6 கிலோமீட்டர் வேகத்தில். வேறுபாடு மூன்றரைக்கு மேல். உங்கள் 27க்கும் நால்வர் குழுவின் 30க்கும் இடையே நாம் கண்ட அதே மூன்று, மூன்றரை. பல பத்தாண்டு அனுபவத்தில் கண்ணால் கண்டு சொன்ன விதியும் காற்றின் கணக்கும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் "முனைந்து துரத்தும்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலை ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தொடக்கத்திலேயே சிலரோடு முன்னே போய்விட்டார். கடைசி 40 கிலோமீட்டரும் தன்னந்தனியாக ஓட்டினார். பின்னால் வந்த கூட்டத்தில் உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகள் இருந்தார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் காதில் பேசும் வானொலி கிடையாது. முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியவில்லை. துரத்தும் வேலையை யார் செய்வது என்றும் ஒப்பந்தம் இல்லை. கீசன்ஹோஃபர் 1 நிமிடம் 15 வினாடி முன்னதாக வென்றார். இரண்டாவதாக வந்த அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன், தானே வென்றதாக நினைத்துக் கையை உயர்த்தினார். கூட்டமாக இருப்பதால் மட்டும் வேகம் வந்துவிடாது. ஒவ்வொருவரும் அடுத்தவர் இழுக்கட்டும் என்று காத்திருக்கும் இருபது பேரைவிட, நேர்மையாக முறை வைக்கும் நான்கு பேர் வேகமாகப் போவார்கள். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களிலும் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

இனி காற்றைப் பற்றி. இதுவரை சொன்னதெல்லாம் காற்று வீசாத காலைக்கு. எதிர்க்காற்று வந்தால் குழுவின் மதிப்பு இரட்டிப்பாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் உங்கள் 120 வாட் உங்களைத் தனியாக 19 கிலோமீட்டரில்தான் கொண்டுபோகும். ஒருவர் பின்னால் மறைந்து போனால் 22.5. இதுவும் மூன்றரைதானே என்று தோன்றலாம். நேரத்தில் பாருங்கள்: 30 கிலோமீட்டர் தூரத்துக்கு, காற்றில்லாத நாளில் மறைவு உங்களுக்கு ஏழு எட்டு நிமிடம் மிச்சப்படுத்தும்; எதிர்க்காற்று நாளில் கால் மணி நேரம். அதனால்தான் போகும்போது சிரித்துப் பேசிச் சிதறிப் போகும் குழு, எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது தானாகவே ஒற்றை வரிசையாகிவிடுகிறது. பின்காற்றில் மறைவின் பயன் குறையும். அப்போது சற்று விலகி ஓட்டிக் கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு கொடுக்கலாம்.

பக்கக்காற்றில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். காற்று பக்கவாட்டிலிருந்து வந்தால் மறைவும் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. நேர் பின்னால் நின்றால் பயன் பாதி போய்விடும். காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, முன்னவருக்குச் சாய்வாகப் பின்னால் நிற்க வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் இதை எச்செலான் என்பார்கள். சாலையின் அகலத்துக்கு எத்தனை பேர் சாய்வாக நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மிச்சம் இருப்பவர்கள் சாலை விளிம்பில் முழுக்காற்றில் தவித்துக் கழன்றுபோவார்கள். 2013 டூர் தி பிரான்ஸின் 13ஆம் கட்டத்தில், மலையே இல்லாத சமவெளியில், காற்று கூட்டத்தைத் துண்டு துண்டாக உடைத்தது. மொத்தப் போட்டியில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்திருந்த கிறிஸ் ஃப்ரூம் அன்று அல்பெர்த்தோ கொன்தாதோரிடம் 1 நிமிடம் 9 வினாடியை இழந்தார். சக்கரப் பழுதால் பின்தங்கிய அலெஹாந்த்ரோ வல்வெர்தே மீண்டும் கூட்டத்தைத் தொட முடியாமல் ஏறத்தாழ பத்து நிமிடம் இழந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது; கடல் கிழக்கே. வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து கொண்டல் காற்று கிளம்பும்போது நாம் பெரும்பாலும் சென்னையை நோக்கித் திரும்பிக்கொண்டிருப்போம். அப்போது காற்று வலது தோளில் வந்து மோதும்; மறைவு இடதுபக்கப் பின்புறம், அதாவது சாலையோரம். முன்னால் இழுப்பவர் பழக்கத்தில் ஓரத்தை ஒட்டியே ஓட்டினால், பின்னால் இருப்பவருக்கு மறைவுக்கு இடமே இல்லை; மணலில் இறங்கித்தான் நிற்க வேண்டும். அவர் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டினால் போதும், பின்னால் வரும் இருவர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். முட்டுக்காடு பாலத்தில் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்த நீர்ப்பரப்பு. வீடும் மரமும் தடுக்காமல் வரும் காற்றில், அரை அடி இடப்பக்கம் நகர்ந்ததும் காதில் இரைந்துகொண்டிருந்த ஓசை சட்டென்று அடங்கும். அந்த அமைதி வந்த இடம்தான் மறைவின் இடம்.

தெற்கு நோக்கிப் போகும்போது கடற்காற்று அடித்தால் கதை மாறுகிறது. மறைவு வலதுபக்கம், வண்டிகள் விரையும் பக்கம் விழும். அங்கே சாய்வு வரிசை போட்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒற்றை வரிசையில் போய், கொஞ்சம் கூடுதலாக உழைத்துவிட்டுப் போகலாம்.

மலையேற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது உழைப்பில் காற்றுக்குப் போவது நூற்றில் நான்கைந்துதான். யார் பின்னால் ஒட்டிக்கொண்டாலும் மூன்று வாட்டுக்கு மேல் மிஞ்சாது. அங்கே அவரவர் மூச்சுக்கு அவரவர் வேகத்தில் ஏறுவதே நல்லது. பந்தய வீரர்கள் 20க்கு மேல் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பயன் உண்டு.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது அடுத்து வருகிற கேள்வி. தொலைக்காட்சியில் வீரர்கள் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுப் புதியவர்களும் முயல்கிறார்கள். வேண்டாம். இடைவெளி ஒரு மீட்டராக இருந்தாலும் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒன்றரை இரண்டு மீட்டரிலும் கணிசமாக மிஞ்சும். மறைவு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு ஒரு சான்று: பின்தொடர்வதற்குத் தடை உள்ள அயர்ன்மேன் நெடுந்தொலைவு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) போட்டிகளில் இருவருக்கு நடுவே குறைந்தது 12 மீட்டர் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. நெருக்கத்தைவிட நிலைத்தன்மைதான் முக்கியம். முன்னவரின் பின்சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல், அவர் இடுப்பின் மேலாகச் சாலையைப் பாருங்கள். சக்கரம் பார்வையின் கீழ் ஓரத்தில் தெரிந்தால் போதும். இடைவெளி குறைகிறது என்று தெரிந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். மிதிப்பதை ஒரு கணம் நிறுத்துங்கள். அல்லது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே உங்களைப் பிடித்து நிறுத்தும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தாண்டி நிற்கக் கூடாது. நான் ஓட்டத் தொடங்கிய இரண்டாவது ஆண்டு கோவளத்துக்கு அருகில் அப்படித்தான் நின்றிருந்தேன். முன்னால் போனவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்க அரையடி விலகினார். டயரோடு டயர் உரசும் சத்தம், ஓரங்குலம் ரப்பர் தேய்ந்த ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரங்கள் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான், ஏனென்றால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது அவருடைய முன்சக்கரம். எனக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. பள்ளத்தை முன்னவர் கையால் காட்டியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், காட்டியிருந்தாலும் நான் நின்ற இடம் தவறு.

அதனால்தான் முன்னால் இருப்பவருக்குக் காற்றை உடைப்பதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. பின்னால் வருபவர்களின் கண்ணாக இருப்பது. வேகத்தடை, பள்ளம், ஓரத்தில் நிற்கும் வண்டி, குறுக்கே வரும் நாய் எல்லாவற்றையும் கையால் காட்டி, குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. அவர் உங்களை நம்பித்தான் 33இல் வருகிறார்.

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். காற்று மறைவின் ஆற்றலுக்கு அது சான்றுதான். 1899இல் சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்கர், ரயில் பெட்டியின் பின்னால் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ஒரு மைலை 57.8 வினாடியில், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். 2018இல் டெனிஸ் முல்லர் கோரெனெக் என்ற பெண்மணி, பந்தயக் கார் ஒன்றின் பின்னால் உப்புப் பாலைவனத்தில் மணிக்கு 296 கிலோமீட்டரைத் தொட்டார். காற்றை நீக்கிவிட்டால் மனிதக் கால்களால் எவ்வளவு முடியும் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. ஆனால் அவர்களுக்கு வழி தயாராக இருந்தது, முன்னால் இருந்தவர் அவர்களுக்காகவே ஓட்டினார். சாலையில் போகும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் பின்னால் இருப்பதே தெரியாது. அவர் பிரேக் பிடித்தால் உங்களுக்கு ஒதுங்க இடமும் நேரமும் இல்லை.

நம் ஊர் வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறைவு என்பது காற்று குறைவது. காற்று குறைந்தால் வியர்வை உலர்வதும் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டத்தின் நடுவில் போகும்போது கால் ஓய்வாக இருந்தாலும் உடல் சூடேறுவதை உணர்வீர்கள். இதயத் துடிப்பு மிதிக்கும் உழைப்புக்குப் பொருந்தாமல் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். சுமை குறைவு என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரமாக விலகிக் காற்று வாங்கிவிட்டு உள்ளே வருவதும் நல்ல பழக்கம்.

உங்கள் வேகம் எது என்று கேட்டீர்கள். சராசரி வேகத்தை வைத்து உங்களை எடைபோடாதீர்கள் என்பதே என் கருத்து. அதில் காற்றும் ஆட்களும் சாலையும் கலந்திருக்கின்றன. பவர் மீட்டர் இருந்தால் வாட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை, காற்று எழாத விடியலில், ஒரே 10 கிலோமீட்டர் துண்டை ஒரே இதயத் துடிப்பில் தனியாக ஓட்டி நேரத்தைக் குறித்து வையுங்கள். அது 22 நிமிடம் 10 வினாடியிலிருந்து 21 நிமிடத்துக்கு வந்தால், அது முழுக்க முழுக்க நீங்கள் சம்பாதித்தது. குழுவோட்டத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: தனியாக 60 கிலோமீட்டர் போகிறவர் குழுவில் 100 போகலாம், தன்னைவிடப் பலமானவர்களோடு ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கலாம், வரிசையில் நேராகவும் நிதானமாகவும் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நடுவிலேயே உட்கார்ந்திருக்காமல் ஒருமுறை முன்னால் வாருங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் முழங்கையை ஆட்டிவிட்டு விலகும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. உற்சாகத்தில் 36க்கு இழுத்தால், விலகியவர் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாமல் போய்விடுவார். 33ஐ அப்படியே தாங்க முடிந்தால் தாங்குங்கள்; 30க்குக் குறைந்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். மனத்துக்குள் அறுபது எண்ணுங்கள். வலப்பக்கம் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, வண்டி வரவில்லை என்று தெரிந்த பிறகு முழங்கையை ஆட்டிவிட்டு விலகுங்கள். வரிசை கடந்து போகும்வரை மெல்ல மிதியுங்கள். கடைசி ஆள் கடந்து முடிப்பதற்குச் சற்று முன்பே மிதியை அழுத்தி அவர் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள்.

அங்கே சேர்ந்ததும் காதில் இரைச்சல் அடங்கும். முன்னால் போனவர்களின் செயின் சத்தம் அப்போதுதான் கேட்கத் தொடங்கும்.